உடைந்த பாலத்தை உடைந்தபடியே வரைந்தவர்

மாட்ரிட் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் நான் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அங்கே பிராடோ என்ற பெரிய ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது. வார நாட்களில் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அனுமதி இலவசம். மகள் வேலையிலிருந்து வந்ததும் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வரிசையில் போய் நின்றுவிடுவேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு மாலையில், ஒரு படத்தின் முன்னால் பேத்தி நின்றுவிட்டாள்.

"தாத்தா, இந்தப் பாலம் ஏன் பாதியில நிக்குது?"

ஒரு நகரத்தின் படம் அது. கிட்டத்தட்ட பதினோரு அடி அகலம், ஆறடி உயரம். மேலே விரிந்த வானம். நடுவில் கோபுரங்களும் கூரைகளுமாக ஒரு ஊர். ஊருக்கு முன்னால் அமைதியாக ஓடும் ஆறு, ஆற்றில் படகுகள். நமக்கு அருகிலுள்ள இக்கரையில் சிறுசிறு கூட்டங்களாக மனிதர்கள்: நின்று பேசுகிறவர்கள், தரையில் உட்கார்ந்திருப்பவர்கள், அங்கியும் தொப்பியுமாகக் கனவான்கள், பெண்கள். இத்தனைக்கும் இடையே கல்லில் கட்டிய ஒரு பாலம். ஆற்றின் நடுவே அதன் வளைவுகள் இடிந்து, இரு பக்கமும் துண்டாக நிற்கின்றன. இடைவெளியில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் 31 ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன். டிராஃப்ட்ஸ்மேன் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். டிரேசிங் துணியிலும், பிறகு டிரேசிங் தாளிலும், ரோட்ரிங் பேனாவால் நான் வரைந்தவை பெரும்பாலும் பாலங்களே. வெள்ளம் வந்து போனால் பொறியாளருடன் ஜீப்பில் ஏறி ஆற்றங்கரைக்குப் போவேன். தூணில் சேறு படிந்த கோட்டைப் பார்த்து, வெள்ளம் எட்டிய உயரத்தைக் குறிப்போம். ஹெச்.எஃப்.எல். என்று அதைச் சொல்வோம். எந்தத் தூண் சாய்ந்தது, எந்தக் கண் விழுந்தது, எவ்வளவு மண் அரித்துப் போனது என்பதையெல்லாம் அளந்து வந்து வரைவேன். சேதத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டவும் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை வரைவாளர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

அதனால்தான் அந்தப் படத்தின் முன்னால் நானும் நின்றுவிட்டேன். 1647-ஆம் ஆண்டிலேயே ஒருவர் வெள்ளச் சேதத்தை இவ்வளவு நேர்மையாக வரைந்திருக்கிறார். அதுவும் ஒரு பேரரசருக்காக.

ஊரும் ஆறும்

படத்தில் இருக்கும் ஊர் ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள சரகோசா. ஆறு எப்ரோ. வடக்கே மலைப் பகுதிகளில் பிறந்து, 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மத்தியதரைக் கடலில் கலக்கிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், அவர் பெயராலேயே சீசராகஸ்டா என்று உருவான ஊர் இது. பிறகு முஸ்லிம் ஆட்சியில் சரகுஸ்தா ஆனது. 1118-இல் அரகோன் அரசர் முதலாம் அல்ஃபோன்சோ இதைக் கைப்பற்றினார். பெயர் தேய்ந்து தேய்ந்து இன்று சரகோசா என்று நிற்கிறது.

எப்ரோவைக் கடக்க அங்கே 15-ஆம் நூற்றாண்டில் ஒரு கல்பாலம் கட்டினார்கள். 1401-இல் தொடங்கிய வேலை 1440 வாக்கில் முடிந்தது. ஏழு வளைவுகள். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைக் 'கல்பாலம்' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'புவெந்தே தெ பியெத்ரா'.

இருநூறு ஆண்டுகள் நின்ற அந்தப் பாலத்தை 1643 பிப்ரவரியில் வந்த பெருவெள்ளம் உடைத்தது. நடுவிலிருந்த வளைவுகள் ஆற்றோடு போயின.

நடுவில் ஏன் உடைய வேண்டும் என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு வளைவும் தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஒரு தூணின் இடப்பக்க வளைவு வலப்பக்கம் தள்ளும், வலப்பக்க வளைவு இடப்பக்கம் தள்ளும். இரண்டு தள்ளுதலும் சமமாக இருக்கும்வரை தூண் அசையாது. தோளோடு தோள் சேர்த்து நிற்கும் ஆட்களைப் போல, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு எல்லா வளைவுகளும் நிற்கும்.

பழைய கல்பாலங்களின் தூண்கள் மிகவும் தடிமனானவை. ஆற்றின் அகலத்தில் கணிசமான பகுதியைத் தூண்களே அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடைவெளியில் தண்ணீர் நெருக்கி நுழையும்போது வேகம் கூடுகிறது. தூணின் மூக்கில் மோதிய நீர் கீழ்நோக்கிச் சுழன்று, அடிமண்ணைக் குடைகிறது. ஸ்கவர் என்று நாங்கள் சொல்லும் மண் அரிப்பு இது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூண் கம்பீரமாக நிற்பதாகவே தோன்றும். அடியில் மட்டும் குதிரை லாட வடிவத்தில் பள்ளம் விழுந்துகொண்டே போகும். வெள்ளத்தின் வேகம் ஆற்றின் நடுவில்தான் பொதுவாக அதிகம் என்பதால், நடுத்தூண்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். அடி கழன்று ஒரு தூண் சாய்ந்தால், அதன் இரு பக்கத்து வளைவுகளுக்கும் பிடிமானம் போய்விடும். வெள்ளத்தில் கல்பாலங்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

"அப்ப கரைக்குப் பக்கத்துல இருக்கிறது விழாதா?" என்றாள்.

"அது கரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது கண்ணு. அதுக்குப் பின்னாடி தரை இருக்கு."

படத்திலும் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும் பகுதிகள்தான் மிஞ்சியிருந்தன. அவள் விரலால் காற்றில் அந்த விடுபட்ட வளைவுகளை வரைந்து பார்த்தாள்.

அரசரும் இளவரசரும்

படத்தை வரையச் சொன்னவர் ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப். 1621-இல் பட்டத்துக்கு வந்தவர். 1640 டிசம்பர் வரை போர்த்துகல்லுக்கும் இவரே அரசர். அதனால் அந்த ஆண்டுகளில் மயிலாப்பூர்ச் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் பறந்த போர்த்துகீசியக் கொடி, இவருடைய முடிக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. நம் கரையில் வாழ்ந்த எத்தனையோ பேர், பார்த்திராத இந்த மனிதரின் பெயரால் வரி கட்டியிருக்கிறார்கள்.

1640 அவருக்குக் கெட்ட ஆண்டு. கோடையில் கட்டலோனியா கிளர்ந்து எழுந்தது. டிசம்பரில் போர்த்துகல் பிரிந்து போனது. கட்டலோனியப் போருக்கு அண்டையிலிருந்த அரகோன் நாட்டின் தலைநகரான சரகோசாதான் அரசரின் முன்னணி முகாம். அவர் அடிக்கடி அங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினார். ஓவியர்களும் கூடவே வந்தார்கள். 1644-இல் போர்முனைக்கு அருகிலுள்ள ஃபிராகா என்ற ஊரில், அரசரைப் போர் உடையில் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்தார். அந்த ஓவியம் இன்று நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கிறது.

அப்போது அரசருக்குப் பட்டத்து வாரிசாக இருந்த ஒரே மகன், பால்தசார் கார்லோஸ். 1629 அக்டோபர் 17-இல் பிறந்தவர். ஐந்தாறு வயதில், கொழுத்த குதிரையின் மேல் கம்பீரமாக அமர்ந்து பாய்ந்து வருவதாக வெலாஸ்கெஸ் வரைந்த படமும் பிராடோவிலேயே இருக்கிறது. என் பேத்திக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம். 1645-இல் சரகோசாவின் பேராலயத்தில், அரகோனின் பட்டத்து இளவரசராக அவர் உறுதிமொழி ஏற்றார். ஓவியத்தில் அவருக்கு ஆர்வம் உண்டு. அவருக்கென்று அமர்த்தப்பட்ட ஓவியர்தான் நம் கதையின் நாயகர், ஹுவான் பௌதிஸ்தா மார்டினெஸ் தெல் மாசோ.

ஆற்றின் வடகரையில், பாலத்தின் அருகில், சான் லாசரோ என்ற துறவியர் மடம் இருந்தது. அங்கேயிருந்து பார்க்கும்போது ஆறும் பாலமும் ஊரும் ஒரே வீச்சில் தெரியும். அந்தக் காட்சியை வரையச் சொல்லி மாசோவிடம் முதலில் கேட்டவர் இளவரசர்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1646 அக்டோபர் தொடக்கத்தில், தாயின் இரண்டாம் ஆண்டு நினைவு வழிபாட்டை ஒட்டி இளவரசர் காய்ச்சலில் விழுந்தார். அம்மை என்று சொல்வார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி, அதே சரகோசாவில் உயிர் பிரிந்தது. பதினேழு வயது நிரம்ப எட்டு நாள் இருந்தது. உடலை எல் எஸ்கோரியால் அரண்மனை மடத்துக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தைச் சரகோசாவின் பேராலயத்திலேயே வைத்தார்கள்.

கேட்டவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. மறு ஆண்டு படம் முடிந்தது. படத்திலேயே லத்தீன் மொழியில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் நாடுகளின் பேரரசர் பிலிப்பின் ஆணைப்படி, ஹுவான் பௌதிஸ்தா மாசோ, சீசராகஸ்டா நகரத்துக்குக் கடைசித் தூரிகை வைத்த ஆண்டு 1647 என்பது அதன் பொருள். எங்கள் வரைபடங்களின் கீழ்மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும்: எந்த இடம், யார் வரைந்தது, எந்தத் தேதி, யார் உத்தரவு. அதே நான்கு விவரமும் இந்த வாசகத்தில் இருப்பதைப் பார்த்து எனக்கு உடல் சிலிர்த்தது.

பாலத்தை ஏன் கட்டிக் காட்டவில்லை?

அரசருக்காக வரையும் படம் அது. அதே 1647 அக்டோபரில்தான், ஸ்பெயின் அரசு கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கொடுப்பனவுகளை நிறுத்தியது. மகன் இறந்த ஊர், தோற்றும் வென்றும் இழுத்துக்கொண்டிருந்த போர், காலியான கஜானா. இந்த நிலையில் நொடிந்த பாலத்தைப் படத்தின் நடுவில் வைத்து அரண்மனைக்கு அனுப்ப எந்த ஓவியரும் தயங்கியிருப்பார். தூரிகையில் நான்கு இழுப்பு போதும், இரண்டு வளைவுகளைக் கட்டி முடித்திருக்கலாம். பாலம் முன்பு எப்படி இருந்தது என்பதும் தெரியாததல்ல. 1563-இல், அரசரின் தாத்தா இரண்டாம் பிலிப்புக்காக, அந்தோன் வான் தென் வைங்கார்தே என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ஸ்பெயினின் நகரங்களையெல்லாம் சுற்றி வரைந்தார். அவர் வரைந்த சரகோசாவும் உண்டு. அப்போது பாலம் முழுதாக இருந்த காலம்.

ஊரைத் தன் மனம் போல மாற்றி வரைவது அக்காலத்தில் குற்றமும் இல்லை. எல் கிரேக்கோ வரைந்த டொலேடோ நகரக் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதில் பேராலயத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பெயர்த்து, கோட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இடி இறங்கப்போவது போன்ற அந்த வானத்துக்கு அது பொருந்துகிறது. அவர் தன் மனதிலிருந்த டொலேடோவை வரைந்தார்.

மாசோ எடுத்துக்கொண்ட வேலை வேறு. அவர் பார்த்த நாளில் சரகோசா எப்படி இருந்ததோ, அதைத்தான் கொடுத்தார். பாலம் உடைந்திருந்தது, உடைந்ததாக வரைந்தார். ஆனால் அவர் உடைசலைப் பார்த்து ஒப்பாரி வைக்கவும் இல்லை. இக்கரையில் மக்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படகுகள் போகின்றன. ஊர் வெயிலில் கிடக்கிறது. பாலம் விழுந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, வாழ்க்கை வேறு வழியில் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் வடிந்த ஊர்களுக்குப் போய்ப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், சேதமடைந்த ஊர் உண்மையில் இப்படித்தான் இருக்கும். விழுந்தது விழுந்தபடி கிடக்க, பக்கத்திலேயே டீக்கடை திறந்திருக்கும்.

அந்தப் பாலத்தை மீண்டும் கட்டி முடித்தது 1659-இல்தான். பதினாறு ஆண்டுகள் அது மூளியாக நின்றிருக்கிறது. அந்தப் பதினாறு ஆண்டுகளுக்கும் நமக்குக் கிடைத்த பெரிய சாட்சி இந்தப் படம்.

மாமனாரின் நிழலில்

இப்படிப்பட்ட ஒரு வேலையைச் செய்தவரின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை? காரணம் அவருடைய மாமனார்.

மாசோ 1633-இல் மணந்த பிரான்சிஸ்கா, டியெகோ வெலாஸ்கெஸின் மகள். ஐரோப்பிய ஓவியத்தின் மலை உச்சிகளில் ஒருவர் வெலாஸ்கெஸ். அரண்மனையில் தான் வகித்த வாயிற்காவல் பதவி ஒன்றை மறு ஆண்டே மருமகனுக்கு மாற்றிக் கொடுத்தார். சீதனம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து வெலாஸ்கெஸ் 1660-இல் இறக்கும்வரை மாசோ அவருடைய பட்டறையிலேயே இருந்தார். மாமனாரின் படங்களைப் படியெடுத்தார், மற்ற மேதைகளின் படங்களையும் படியெடுத்தார். மாமனார் இறந்த மறு ஆண்டு அரசரின் ஓவியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1667-இல் இறந்தார்.

வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தைப் பார்க்காதவர் குறைவு. சிறிய இளவரசி நடுவில் நிற்க, சேடிப் பெண்கள் சூழ்ந்திருக்க, ஓவியர் தூரிகையோடு ஓரத்தில் நிற்கும் 1656-ஆம் ஆண்டுப் படம். அதன் பின்சுவரில் மேலே மங்கலாக இரண்டு பெரிய படங்கள் தொங்குகின்றன. ஒன்று ரூபன்ஸின் படத்தைப் பார்த்தும் மற்றது யோர்டான்ஸின் படத்தைப் பார்த்தும் மாசோ எடுத்த படிகள். ஓவிய உலகின் மிகப் புகழ்பெற்ற அறையில் மாசோவின் கைவேலை இருக்கிறது, இருட்டில், பெயரில்லாமல்.

அந்த அறை யாருடையது தெரியுமா? இறந்துபோன இளவரசர் பால்தசார் கார்லோஸ் தங்கியிருந்த பகுதி அது. அவர் போன பிறகு அந்த அறை ஓவியக்கூடமாயிற்று. பின்சுவர்க் கண்ணாடியில் அரசரும் அரசியும் நிழலாகத் தெரிகிறார்கள். அந்த அரசி மரியானா, முதலில் பால்தசார் கார்லோஸுக்கு நிச்சயம் செய்யப்பட்ட பெண். மகன் இறந்ததும், 1649-இல் தந்தை பிலிப்பே அவளை மணந்துகொண்டார். அவள் அவருடைய சொந்தத் தங்கையின் மகள். நடுவில் நிற்கும் குழந்தை இவர்களுடைய மகள். இவர்களுக்கு 1661-இல் பிறந்த மகன் இரண்டாம் கார்லோஸ், வாரிசில்லாமல் 1700-இல் இறந்தபோது, ஸ்பெயினில் அந்த அரச வம்சமே முடிந்தது. சரகோசாவில் ஒரு பையனுக்கு வந்த காய்ச்சல் ஒரு பேரரசின் வழியை மாற்றிவிட்டது.

சரகோசாப் படத்துக்கும் இந்த நிழல் விழுந்தது. இக்கரையில் நிற்கும் மனிதர்கள் அத்தனை உயிர்ப்போடு இருப்பதால், அவர்களை வெலாஸ்கெஸ்தான் வரைந்திருக்க வேண்டும் என்று நீண்ட காலம் பலர் எழுதினார்கள். ஊர் மருமகனுக்கு, மனிதர்கள் மாமனாருக்கு என்று பங்கு பிரித்தார்கள். நான் அந்த மனிதர்களை அருகில் நின்று பார்த்தேன். கை விரல் நீளத்தில் ஓர் ஆள். முகத்துக்கு இரண்டு மூன்று தொடுகைகள்தான். தோளில் சரிந்த துணிக்கு ஓர் இழுப்பு. ஆனால் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது சரியாகத் தெரிகிறது. மாமனாரிடம் கற்றது என்பதில் சந்தேகமில்லை. கற்றவனின் கையால் வரைந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. படத்தில் எழுதியிருக்கும் பெயர் மாசோவுடையது மட்டும்தான். இன்று பிராடோவும் அவர் பெயரிலேயே இதை வைத்திருக்கிறது.

ஸ்பானிய மொழியில் 'மாசோ' என்றால் கொட்டாப்புளி. வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் தன் குடும்பப் படத்தில், குடும்பச் சின்னமாகக் கொட்டாப்புளி ஏந்திய ஒரு கையை அவர் வரைந்து வைத்திருக்கிறார். உழைக்கும் கைக்குப் பொருத்தமான சின்னம்.

படத்தில் மிஞ்சியவை

இந்தப் படத்தை ஊர்க்காரர்கள் போற்றுவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. அதில் இருக்கும் ஊர் இன்று இல்லை.

எப்ரோ கரையில், ஒரு தூணின் மேல் அன்னை மரியாள் திருத்தூதர் யாகப்பருக்குக் காட்சி கொடுத்தார் என்பது சரகோசாவின் நம்பிக்கை. 'பிலார்' என்றால் தூண். அந்தத் தூணுக்காகக் கட்டப்பட்ட பழைய ஆலயம்தான் படத்தில் இருக்கிறது. இன்று ஆற்றங்கரையில் குவிமாடங்களோடு நிற்கும் பிரம்மாண்டமான பிலார் பேராலயத்தின் வேலை 1681-இல்தான் தொடங்கியது. படத்தின் வானத்தில்கூட ஒரு காலத்தில் தேவதூதர்கள் தாங்கிய பிலார் அன்னையின் உருவம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதை நீக்கிவிட்டார்கள். இன்று அங்கே வெறும் வானம்.

1504-இல் செங்கல்லால் எழுப்பிய 'புதிய கோபுரம்' சாய்ந்து நின்றதற்கே பெயர் பெற்றது. விழுந்துவிடும் என்று பயந்து 1892-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அரகோன் நாட்டுச் சபையின் மாளிகை, 1808-09-இல் நெப்போலியனின் படைகள் ஊரை முற்றுகையிட்டபோது அழிந்தது. மாசோ எந்தக் கரையிலிருந்து பார்த்து வரைந்தாரோ அங்கே இருந்த சான் லாசரோ மடமும் அதே முற்றுகையில் சிதைந்தது. 1541-க்கும் 1551-க்கும் இடையில் வணிகர்களுக்காகக் கட்டிய லோன்ஹா மண்டபம் பாலத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது.

நேர்மையாக வரைந்த நகரப் படம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குப் போலந்தின் வார்சாவைச் சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெலோட்டோ என்ற வெனிஸ் ஓவியர் அந்த நகரத்தின் தெருக்களை நுணுக்கமாக வரைந்து வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அந்த ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு, பழைய வார்சாவைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த ஓவியங்களை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பெலோட்டோவுக்கு நூறாண்டு முன்னால், இதே பொறுப்போடு வேலை செய்தவர் மாசோ.

கல்லைத் தொட்ட நாள்

ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் மகளிடம் ஒரே ஒரு ஆசை சொன்னேன்.

"அம்மா, அந்தப் பாலத்தை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடலாமா?"

"உங்களுக்கு இங்கயும் பாலம்தானாப்பா?" என்றாள். ஆனால் அன்று இரவே டிக்கெட் எடுத்துவிட்டாள். மாட்ரிட்டிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சரகோசா போய்விடலாம்.

ரயிலடியிலிருந்து நேராக ஆற்றங்கரைக்குப் போனோம். 'சியெர்சோ' என்று அவர்கள் சொல்லும் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. எப்ரோ மண் நிறத்தில் நிறைந்து ஓடியது. அதன் குறுக்கே, முழுதாக, ஏழு வளைவுகளோடு கல்பாலம். இரு முனைகளிலும் வெண்கலச் சிங்கங்கள். 1813-இல் ஊரைவிட்டுப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படை அதன் வடமுனை வளைவு ஒன்றை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. அதையும் கட்டிவிட்டார்கள். விழ விழக் கட்டியிருக்கிறார்கள்.

வடகரையில் இறங்கி, தூண்களை அண்ணாந்து பார்த்தேன். நீரைக் கிழிக்க முன்னால் நீட்டிய கூர்மூக்குகள், தேய்ந்த கல், ஓரங்களில் பாசி. நான்காவது தூண் பக்கம் கையை நீட்டிக் காட்டி, "இங்கதான் உடைஞ்சிருக்கும், இல்ல தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். படத்தைப் பார்த்திராவிட்டால் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. இன்று அந்தப் பாலத்தில் நடக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் காலடியில் ஒரு காலத்தில் வெறும் காற்று இருந்தது என்பதை, மாசோ சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. என் பழைய டிரேசிங் தாள்களையும் பேனாக்களையும் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். எங்கள் ஊர் வாய்க்காலின் மேல், கைப்பிடிச் சுவர் விழுந்து, ஒரு கண் அடைபட்டுக் கிடக்கும் செங்கல் பாலம் ஒன்று இருக்கிறது. விழுந்த சுவரை விழுந்தபடியே வரைந்து, கீழே ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரில் ஒரு பழைய பாலமோ மதகோ மண்டபமோ நலிந்து கிடந்தால், சுத்தம் செய்து அழகாக்கிக் காட்டக் காத்திருக்காதீர்கள். இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுங்கள், முடிந்தால் வரையுங்கள். எந்த இடம், எந்த நாள், எடுத்தவர் யார் என்று மறக்காமல் எழுதி வையுங்கள்.